ஜன்னலில் நின்றவள்

சுதந்திர தினம் கழிந்து பத்தாம் நாள்

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். "இங்கே எல்லோரும் நலம்" என்று தொடங்கிப் பழகிய வலது கை முறிந்து மாவுக்கட்டில் கிடக்கிறது. இது இடது கை எழுத்து. கோழி கிளறியது மாதிரி இருக்கிறதே, வேறு யாரோ எழுதியதோ என்று சந்தேகப்படாதே. சின்ன வயதில் எனக்கு இடது கைதான் வரும். டீச்சர் விரல் முட்டியில் ஸ்கேலால் அடித்து அடித்து வலது கைக்கு மாற்றினார். அப்போது நீ பிறக்கவே இல்லை. முப்பது வருடம் கழித்து அந்தக் கை மறுபடி வேலைக்கு வந்திருக்கிறது. மூன்று நாளாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கையில் தருவதற்கு முன் இதை அங்கே ஒரு அதிகாரி பிரித்துப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். படியுங்கள் ஐயா, ஒரு வரி விடாமல் படியுங்கள். இத்தனை வருடம் நான் எழுதிய கடிதங்களில் நீங்கள் அடிக்க வேண்டிய வரி ஒன்றுகூட இருந்திருக்காது. அதுதான் அந்தக் கடிதங்களின் குறை.

முதலில் கெட்ட செய்தி. உன் மச்சான் போய்விட்டார். சுதந்திர தினத்தன்று அடிபட்டவர், ஆறாம் நாள் மதியம் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். மறுநாள் அடக்கம் செய்துவிட்டோம். அக்கா அழுதாயா என்று கேட்காதே, கேட்டால் எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டி வரும். ஜெயில் சுவருக்கும் காது உண்டு, அரைகுறையாக உனக்கு ஏதாவது எட்டியிருக்கும். முழுசாக நான் சொல்கிறேன்.

சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் விடுதலைப் பட்டியல் பேப்பரில் வந்தது. இந்த வருடமும் உன் பெயர் இல்லை. செத்துப்போன லாரிக்காரரின் வீட்டார் ஆட்சேபித்து எழுதிக் கொடுத்தால் பெயரைச் சேர்க்க மாட்டார்கள், அவர்களும் வருடம் தவறாமல் எழுதிக் கொடுக்கிறார்கள். மச்சான் பட்டியலை மேலிருந்து கீழே விரலை வைத்துப் படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். பேப்பரை நாலாக மடித்துப் பட்டறையில் கிரீஸ் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அன்று அவர் சாப்பிடவில்லை.

உன் சின்ன மருமகளை என்ன சொல்லித் தேற்றுவது? அவள் பிறந்ததிலிருந்து அந்த நாளில் உன்னைப் பார்க்க வருகிறோம் அல்லவா, அவளுக்குச் சுதந்திர தினம் என்றால் அதுதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டதற்கு, "எங்க மாமா வெளிய வர்ற நாள் மிஸ், ஆனா வரமாட்டாரு" என்று சொன்னாளாம். வகுப்பே சிரித்ததாம். பெரியவள் வந்து சொன்னபோது நானும் சிரித்துவிட்டேன்.

இந்த வருடம் காலையில் உன்னைப் பார்க்க வராததற்குக் காரணம் எங்கள் புதுப் போதகர். நல்ல மனிதர், ஆனால் ஊருக்குப் புதிது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. லாரிக்காரர் குடும்பம் அந்தச் சாவுக்குப் பிறகு நம் சபைக்கு வருவதை நிறுத்தியிருந்தது உனக்குத் தெரியும். போதகர் நாலு முறை அவர்கள் வீட்டுக்குப் போய், ஜெபம் செய்து, எப்படியோ திரும்ப அழைத்து வந்துவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். சுதந்திர தின ஆராதனையில் லாரிக்காரரின் மகன் கொடியேற்ற வேண்டும், பிறகு சாட்சி சொல்லும் நேரத்தில் மச்சான் எழுந்து உன் சார்பில் அவனிடம் மன்னிப்பு கேட்க வேண்டும், அவன் கை கொடுப்பான், ஆட்சேபனையை வாபஸ் வாங்குவார்கள், அடுத்த பட்டியலில் நீ வெளியே வருவாய் என்று ஒரு ஏற்பாடு. என்ன பேச வேண்டும் என்று டைப் அடித்தே கொடுத்தார். "மச்சினன் சார்பில் மச்சான் மன்னிப்பு கேக்கறது நம்ம குடும்பங்கள்ல வழக்கம்தானே" என்றார். மச்சான் அந்தத் தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கொடியை வழக்கம்போல நான்தான் தைத்தேன். பீடத்துக்குப் பின்னால் தொங்கவிட வெள்ளைத் துணியில் சிவப்பு வெல்வெட்டால் "விடுதலை" என்று வெட்டித் தைத்ததும் நான்தான். நாற்காலி போடுவது மச்சானின் வேலை. நீ உள்ளே போன மறுவருடம் ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து அந்த வேலையை யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. அன்று விடிந்ததும் போய், விருந்தினருக்கான மடக்கு இரும்பு நாற்காலிகளைத் துடைத்து, கீல் கீச்சிடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டார்.

லாரிக்காரரின் மகனுக்கு இப்போது இருபத்தைந்து இருக்கும். அப்பா முகம் அப்படியே. கொடியேற்றும்போது கயிறு சிக்கிக்கொண்டது, அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தான். உள்ளே வந்து முதல் வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான்.

போதகர் நன்றாகத்தான் பேசினார். நாடு அடைந்த விடுதலை வேறு, கிறிஸ்து கொடுக்கிற விடுதலை வேறு, முந்தையதைப் பட்டாளம் வந்து பிடுங்கலாம், பிந்தையதை யாரும் தொட முடியாது என்றார். பகையை வைத்திருப்பவன் சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு சிறையில் இருக்கிறான் என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. சிறையைப் பற்றி உவமை சொல்கிறவர்கள் ஒருநாளாவது பார்வையாளர் வரிசையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்க்க வேண்டும்.

பிறகு சாட்சி. ஒருவர் குடியிலிருந்து விடுதலை, ஒருவர் சிகரெட்டிலிருந்து விடுதலை. என்னிடம் ரவிக்கை தைக்கிற அம்மாள் டிவி சீரியலிலிருந்து விடுதலை என்றாள், மறுநாளே அவள் வீட்டு ஜன்னலில் சீரியல் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மச்சான் எழுந்தார்.

கண்ணாடியைப் போட்டார், தாளை விரித்தார், இரண்டு வரி மனதுக்குள் படித்தார். திரும்ப மடித்தார். "இதுல எழுதியிருக்கறது தப்பு" என்றார். போதகர் பதறிப்போய் எழுத்துப் பிழையோ என்று எட்டிப் பார்த்தார். மச்சான் லாரிக்காரர் மகனை நேராகப் பார்த்து, "உங்கப்பாவ அடிச்சது அவன் இல்லப்பா. நான். வீல் ஸ்பேனரால மூணு அடி. ரெண்டாவது அடியிலயே அவர் முடிஞ்சிட்டார். மூணாவது என் ஆத்திரத்துக்கு அடிச்சது. மச்சினன் ஓடி வந்து என் கையிலிருந்து புடுங்கினான், அவன் கையில இருந்தப்பதான் தெரு பார்த்துச்சு" என்றார். "அவனுக்காக நான் மன்னிப்பு கேக்க முடியாது. எனக்காகக் கேக்கறேன்" என்றார்.

லாரிக்காரரின் மகன் எழுந்தான். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அதை எடுத்து மடக்கினான். எண்ணெய் விட்ட கீல் அல்லவா, சத்தமே இல்லாமல் மடங்கியது.

முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. இரண்டாவது அடி தாடையில். பல்லும் ரத்தமும் பீடத்துப் படியில் தெறித்தன. பெண்கள் பிள்ளைகளை இழுத்துப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்கள். போதகர் பின்னாலிருந்து அவன் இடுப்பைப் பிடித்தார், அவன் உதறிய உதறலில் சுவரில் மோதி விழுந்தார், கண்ணாடி நொறுங்கி நெற்றி கிழிந்தது. "ஏழு வருஷமா எங்கம்மா கண்ணு முன்னால நடமாடுனியேடா" என்று அவன் கத்தினான், அது மனிதக் குரலாகவே இல்லை.

தம்பி, அந்த இரண்டு அடிக்கும் நான் என் இடத்தில் உட்கார்ந்தே இருந்தேன். கால் எழவில்லை என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் சொல்கிறேன், நான் எழவில்லை. "அடியாத மாடு படியாது" என்று சொல்லிச் சொல்லி என்னை பெல்ட்டால் அடித்த மனிதர் அவர். ஒன்று எனக்கு, ஒன்று என் தம்பிக்கு என்று உள்ளே ஒருத்தி எண்ணினாள். மூன்றாவது அடிக்கு நாற்காலி தலைக்கு மேல் போனபோதுதான் ஓடிப்போய் அவர் மேல் விழுந்தேன். அந்த அடி என் முழங்கையில் விழுந்தது. நாலாவதும் ஐந்தாவதும் என்னைத் தள்ளிவிட்டு அவர் தலையில்.

பிறகு அவன் நிறுத்தினான். யாரும் பிடித்து நிறுத்தவில்லை, தானாக நின்றான். கையிலிருந்த அதே நாற்காலியை விரித்துப் போட்டு அதில் உட்கார்ந்தான். சட்டையெல்லாம் ரத்தம். அவன் அம்மா எழுந்து வந்து, "தண்ணி குடிக்கிறியாப்பா" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என் காதிலிருந்து இன்னும் போகவில்லை. நான் பின்னால் தொங்கிய துணியை இடது கையால் பிடித்து இழுத்து, பல்லால் கிழித்து, மச்சானின் தலையைச் சுற்றிக் கட்டினேன். மூன்று நாள் உட்கார்ந்து தைத்த வெல்வெட் எழுத்து. கட்டு நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள். தாடை மூன்று இடத்தில் உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். போலீஸ் வாக்குமூலம் வாங்க இரண்டு முறை வந்தது. வாய் திறக்க முடியவில்லை. பேனாவைக் கையில் கொடுத்தார்கள், விரல் மடங்கவில்லை. கையெழுத்தில்லாமலே போய்விட்டார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் அவருக்கும் துரோகம் செய்தவளாவேன். அத்தனை அடி விழும்போதும் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். வலது கை இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. கீழே விழுந்த பிறகும் விடவில்லை. அந்தக் கைகளை எனக்குத் தெரியும். எதிரே ஒருவன் குரலை உயர்த்தினாலே முந்திக்கொண்டு ஓங்குகிற கைகள். அன்றைக்கு ஒரு செருப்படிக்கு ஒரு உயிரை எடுத்த கைகள். போதகர் முக்கால் மணி நேரம் விடுதலை என்று பேசியது என் காதில் ஏறவில்லை, தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு கிடந்த இந்த மனிதரைப் பார்த்துத்தான் அது என்னவென்று கொஞ்சம் புரிந்தது. அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அவர் அன்று யாருக்கும் கட்டுப்பட்டவராக இல்லை, அவருடைய ஆத்திரத்துக்குக்கூட. அதை நான் பார்த்தேன்.

இனி என் முறை.

தம்பி, அன்றைக்கு நான் மாடி ஜன்னலில் நின்றேன்.

ஏழு வருடத்துக்கு முந்தைய அந்தச் சுதந்திர தினத்தில், கீழே பட்டறை வாசலில் நடந்த எல்லாவற்றையும் பார்த்தேன். நான் கொடித்துணிக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரர் பழுதுக்கு விட்ட வண்டியைக் கேட்டு வந்ததும், குடித்திருந்த இவர் இன்றைக்கு லீவு என்று சொன்னதும், "உனக்கெல்லாம் எதுக்குடா சுதந்திரம்" என்று அவர் செருப்பைக் கழற்றி இவர் கன்னத்தில் அடித்ததும், இவர் ஸ்பேனரை எடுத்ததும் பார்த்தேன். மூன்று அடியையும் எண்ணினேன். நீ ஓடி வந்து பிடுங்கியதும், இவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியதும், தெரு கூடியபோது ஸ்பேனரைக் கீழே போடாமல் நின்றதும் தெரியும். நீ ஒரு தடவை தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தாய். நான் திரைக்குப் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் மாடிக்கு வந்து கேட்டார். "மெஷின் சத்தத்துல எதுவும் தெரியல சார்" என்று சொன்னேன். வயிற்றில் ஏழு மாதம், அவரும் அதிகம் கேட்கவில்லை. இவருடைய சட்டையை அன்றைக்கே மூன்று தண்ணீரில் அலசியதும் நான்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் ஒரு முழு மனிதனை ஜெயிலில் மறைத்தேன்.

வயிற்றில் பிள்ளையோடு நிற்கிற அக்காவுக்குப் புருஷன் வேண்டும் என்று நீ நினைத்தாய். அக்காவுக்கு உண்மை தெரியக் கூடாது, தெரிந்தால் தாங்க மாட்டாள் என்றும் நினைத்தாய். நான் அதையும் உன்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நீ நிற்க, இந்தப் பக்கம் நின்று, "செஞ்ச பாவத்துக்கு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுடா" என்று உன்னிடம் சொன்னேனே. ஒரு தடவையா, இரண்டு தடவையா? நீ தலையைக் குனிந்து "சரிக்கா" என்பாய். உன்னை அடித்தவர்கள் எல்லாரிலும் பலமாக அடித்தவள் நான்தான்.

இன்னொன்றும் கேள். அந்த நாளுக்குப் பிறகு உன் மச்சான் ஒருமுறைகூட என்னை அடித்ததில்லை. குடியை விட்டார், பிள்ளைகளைத் தோளில் தூக்கினார். ஏழு வருடம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அது உன்னை விற்று வாங்கிய தூக்கம் என்று தெரிந்தேதான் தூங்கினேன்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி, இடது கட்டை விரலை வைத்துவிட்டு வந்தேன். வக்கீலம்மா கூட வந்தார். ஆனால் அதோடு கதவு திறந்துவிடாதாம். "செத்துப் போனவர் மேல பழியைப் போட்டு தம்பியை வெளிய எடுக்கப் பாக்கறாங்கன்னுதான் சொல்வாங்க. உங்க தம்பி தன் வாயால உண்மையைச் சொல்லணும். மறுபடி நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சிடும்" என்றார். திங்கட்கிழமை ஒரு அதிகாரி உன்னிடம் வருவார். அக்கா அன்றைக்கு என்ன பார்த்தாள் என்று கேட்பார். பொய் சாட்சி சொன்னதற்கு எனக்கு இரண்டு வருடமோ மூன்று வருடமோ கிடைக்கலாம் என்று அவரே உன்னிடம் சொல்லுவார். அந்த இடத்தில்தான் நீ வழுக்குவாய். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான், எனக்குத் தெரியாதா? அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல உன் நாக்கு தயாராக நிற்கும்.

இன்னொரு இடத்திலும் வழுக்கலாம். லாரிக்காரரின் மகனை உன் ஜெயிலுக்குத்தான் கொண்டு வருகிறார்களாம். மச்சானைக் கொன்றவன் என்று உன் காதில் ஓதிவிட அங்கே ஆள் இருப்பார்கள். அவன் மேல் உன் நிழல்கூட உரசக் கூடாது. கை ஓங்கினாயோ, திறக்கப் போகிற கதவை நீயே இழுத்துச் சாத்தினதாக ஆகும். அந்த ஸ்பேனர் கீழே விழவே இல்லையடா, கை மாறிக் கை மாறி வந்துகொண்டிருக்கிறது, இந்த வாரம் நாற்காலியாக வந்தது. அவன் அம்மாவை நேற்று ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன். மாற்றுத் துணிப் பையோடு நின்றாள். ஏழு வருடத்துக்கு முன்னால் நான் நின்ற அதே இடம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவனுக்கு அங்கே முதல் வாரம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். முடிந்தால் தண்ணீர் எங்கே பிடிக்க வேண்டும் என்று மட்டும் காட்டிக்கொடு.

பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு உள்ளே போக வேண்டி வந்தால் போதகர் வீட்டில் வைத்துக்கொள்வதாக அவர் மனைவி சொல்லியிருக்கிறாள். நெற்றியில் ஏழு தையலோடு போதகரும் வந்து, "என்னால்தானே எல்லாம்" என்று அழுதார். நீங்கள் வைத்த தீ இல்லை ஐயா, மூடியிருந்த சாம்பலை ஊதினீர்கள், அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினேன். சின்னவளிடம் மாமா வருவார் என்று சொல்லிவிட்டேன். என்றைக்கு என்று கேட்டாள். இந்த முறை லீவு நாளாக இருக்காது, சாதாரண நாளாகத்தான் இருக்கும் என்றேன். அப்போ பள்ளிக்கூடம் இருக்குமே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

உன்னை உள்ளே வைத்துக் காத்த கர்த்தர் வெளியே கொண்டுவந்தும் காப்பார். அன்றைக்கு நீ ஜன்னலை நிமிர்ந்து பார்த்தபோது நான் திரைக்குப் பின்னால் ஒளிந்தேன். இப்போது திரையை விலக்கிவிட்டு நிற்கிறேன், நீ நன்றாகப் பார்க்கலாம். திங்கட்கிழமை அவர் கேட்டால் விரலை நீட்டி, அதோ அங்கே நின்றாள் என்று சொல். இந்த ஒரு தடவை என்னைக் காப்பாற்றாதே. என்னைக் காட்டிக்கொடு, தம்பி.

எல்லாவற்றையும் பார்த்த,
உன் அக்கா